நூறுக்கும் சைபருக்கும் நடுவில்

புதன்கிழமை, மத்தியானம் மூணு மணி.
பழைய கெஸ்ட் கிளம்பி
புது கெஸ்ட் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து வந்து சேர்றதுக்குள்ள
கிடைக்கிற ஒன்றரை மணி நேரம்
எங்களுக்கு இங்கிலீஷ்.

கானாடுகாத்தான். முன்னூறு சன்னல் வீடு, இப்ப ஹோட்டல்.
முன்னூறுன்னு விளம்பரத்துல போட்டிருக்கு.
துடைக்கிற எனக்குத் தெரியும்,
இருநூத்தி எண்பத்தாறு.

ரெண்டாங்கட்டு சாப்பாட்டு ஹால்ல
பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருக்கோம்,
ரூம் பார்க்கிற நானும் கொப்பாத்தாளும்,
கிச்சன் பஷீர், தோட்டத்து அடைக்கலம்,
லாண்டரி மங்களேஸ்வரி,
ராத்திரி வாட்ச்மேன் சூசை அண்ணன்.

தேவகோட்டையிலிருந்து ஸ்கூட்டியில வர்ற ஜெனோவா மிஸ்
போர்டுல ஏணி ஒண்ணு வரைஞ்சாங்க.
உச்சிப் படியில ஆல்வேஸ், நூறு.
அடுத்து யூஷுவலி, எண்பது.
ஆஃபன். சம்டைம்ஸ். ரேர்லி.
தரையில நெவர், சைபர்.
உங்க உங்க வேலையை இதுல ஏத்திச் சொல்லுங்கன்னாங்க.

ஐ யூஷுவலி உரிக்கிறேன் சின்ன வெங்காயம்,
பஷீர் சொன்னான்.
கண்ணு சிவந்துதான் இருந்துச்சு.

ஐ நெவர் டோன்ட் டேக் லீவ்,
இது கொப்பாத்தா.
ரெண்டு இல்லை சேர்ந்தா
இங்கிலீஷ்ல ஆமான்னு ஆயிரும்னாங்க மிஸ்.
'அப்படியா மிஸ்?
போன பொங்கலுக்கு மேனேஜர் ரெண்டு தடவை இல்லைன்னாரு,
நான் ஊருக்குப் போயிருக்கணுமே!'

சூசை அண்ணன் மெதுவா எழுந்து
சட்டைப் பித்தானைச் சரிபண்ணிக்கிட்டு
ஐ சம்டைம்ஸ் ஸ்லீப்.
மிஸ் கைதட்டினாங்க.
அந்த ஹால்ல பிழையில்லாம வந்த
முதல் முழு வாக்கியம்.

தூணுக்குப் பின்னாடி
சாத்தப்பன் சார் நின்னது
அப்ப எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மெமோ வந்துச்சு, அதுவும் இங்கிலீஷ்ல.
ரெண்டு நாள் சம்பளம் பிடித்தம்.
அடுத்த புதன் அதை நாலா மடிச்சுக் கொண்டாந்து
மிஸ்கிட்ட நீட்டினாரு.
'நான் சொன்னது சம்டைம்ஸ்.
அவர் எழுதியிருக்கிறது ஆஃபன்.
ஒரு படி ஏத்திவிட்டுட்டாரு, பாருங்க.
அதுக்கு எத்தனை பர்சன்ட் மிஸ்?'

அன்னிக்கு எல்லாரும் சொன்ன பாடம் ஒண்ணுதான்.
ஐ ஆல்வேஸ் கம் எர்லி.
ஐ ஆல்வேஸ் வாஷ்.
ஐ ஆல்வேஸ் ஸ்மைல், நான்.
உச்சிப் படியில ஆறு பேர் ஏறி நின்னும்
ஒடியாத ஏணி.
மிஸ் தூணைப் பார்த்தாங்க,
ஒண்ணையும் திருத்தல.
டஸ்டரை மட்டும் ரொம்ப நேரம் தேடினாங்க.

போகும்போது ஒரு விதி சொன்னாங்க:
இந்தச் சொல்லெல்லாம்
ஐ-க்கும் வேலைக்கும் நடுவுலதான் உட்காரும்.

ராத்திரி பாயில படுத்து யோசிச்சேன்.
தமிழ்ல அப்படி இடமே இல்ல எனக்கு.
கூட்டுறேன். மடிக்கிறேன். துடைக்கிறேன்.
வேலையோட வாலுல ஒட்டிக்கிட்டிருக்கேன்.
அந்த வாலைப் பிச்சுத் தனியா வச்சா
'ஏன்'னு கேட்குது.

இன்னிக்கு ஏழாம் நம்பர் ரூம்.
ஆத்தங்குடிக் கல்லுக்குத்
தேங்காயெண்ணெய் தொட்ட துணியைச் சுத்திய மாப்பு.
யாரும் இல்ல. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

ஐ.

நிறுத்தினேன்.
மாப்புக் கட்டையில தாடையை ஊன்றி நின்னேன்.
சன்னல் வெயில் பச்சைப் பூவிலிருந்து
சிவப்புப் பூவுக்கு நகர்ந்துச்சு.
வாசல்ல இன்னோவா வந்து நிக்கிற சத்தம்,
டிக்கி திறக்கிற சத்தம்,
சாத்தப்பன் சார் யாருக்கோ வெல்கம் சொல்ற சத்தம்.

அதுவரைக்கும்
அந்த நடுவுல
ஒரு சொல்லும் வைக்கல.